யாருக்கான விலக்கு? கலிஃபோர்னியாவின் பள்ளித் தடுப்பூசிச் சட்டமும் மருத்துவச் சான்றும்

2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் பூங்காவில் தொடங்கிய தட்டம்மை, அடுத்த சில மாதங்களில் அம்மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. அமெரிக்காவில் தட்டம்மை ஒழிந்துவிட்டது என்று 2000ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. அது திரும்பி வந்து பரவ இடம்கொடுத்தவற்றில், பெற்றோரின் சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தவிர்க்க அனுமதித்த விலக்கும் ஒன்று. 2013-14இல் மழலையர் வகுப்பில் சேர்ந்தோரில் 3.1 விழுக்காட்டினர் இவ்விலக்கைப் பெற்றிருந்தனர். குழந்தை மருத்துவரும் மாநில செனட்டருமான ரிச்சர்ட் பான், பென் ஆலனுடன் சேர்ந்து கொண்டுவந்த 277ஆம் மசோதாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2015 ஜூன் 30 அன்று கையெழுத்திட்டார். 2016 ஜூலை முதல் அந்த விலக்கு ஒழிந்தது; மருத்துவக் காரணத்துக்கான விலக்கு மட்டும் நீடித்தது.

அதன்பின் நடந்ததே இக்கட்டுரையின் பொருள். மழலையர் வகுப்பில் சேர்ந்தோரில் மருத்துவ விலக்கு பெற்றவர்கள் 2015-16இல் 0.2 விழுக்காடு. அடுத்த மூன்று கல்வியாண்டுகளில் இது 0.5, 0.7, 0.9 என ஏறியது. எல்லாத் தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டவர்களின் பங்கு முதலில் 92.8இலிருந்து 95.6 விழுக்காட்டுக்கு உயர்ந்து, 2018-19இல் 94.8ஆகச் சரிந்தது. மூன்றே ஆண்டுகளில் ஒரு மாநிலக் குழந்தைகளின் நோய்கள் நான்கு மடங்காகப் பெருகியிருக்க முடியாது. நம்பிக்கை விலக்கு எந்த மாவட்டங்களில் மிகுதியாக இருந்ததோ அங்கேயே மருத்துவ விலக்கும் மிகுதியாக ஏறியதை ஆய்வாளர்கள் காட்டினர். சான் டியேகோ நகரப் பள்ளிகளில் வழங்கப்பட்ட விலக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே மருத்துவரின் கையெழுத்தில் வந்ததாகவும் செய்தி வெளியானது.

இதைச் சில மருத்துவர்களின் நேர்மைக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அந்தக் குறைவு இருந்தது உண்மைதான். ஆயினும் சட்டத்தின் வாசகமே அதற்கு இடம் கொடுத்தது என்பது என் வாதம். குழந்தையின் உடல்நிலையோடு, 'குடும்ப மருத்துவ வரலாறு' உள்ளிட்ட பிற சூழ்நிலைகளையும் மருத்துவர் கணக்கில் கொள்ளலாம் என்ற சொற்கள் மசோதா நிறைவேறும் தறுவாயில் நுழைந்தன. மருத்துவர் எழுதிய கடிதத்தைப் பள்ளி வாங்கிக் கோப்பில் வைத்தது. அதில் சொல்லப்பட்ட காரணம் சரியா என்று கேட்கும் அதிகாரம் பள்ளிக்கும் இல்லை, மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் இல்லை.

குடும்ப வரலாறு என்பது மருத்துவத்துக்குப் புறம்பான செய்தியன்று. உடன்பிறந்த குழந்தைக்குப் பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைபாடு இருந்தால், தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளைப் போடுமுன் இக்குழந்தையின் எதிர்ப்பாற்றல் சீராக உள்ளதா என்று பார்க்க வேண்டும் என வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. அவை வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆனவை என்பதே காரணம். பரிசோதனையில் குறை இல்லையென்று தெரிந்தால் ஊசி போடலாம். இவ்வளவு குறுகிய எச்சரிக்கைதான், உறவினரின் ஆஸ்துமா, கரப்பான், ஆட்டிசம் வரையில் நீட்டப்பட்டது. இவற்றில் எதுவும் தடுப்பூசியை மறுக்கக் காரணமாகாது.

உண்மையான மருத்துவ விலக்குக்கு ஓர் உருவம் உண்டு. அது ஒரு குறிப்பிட்ட தடுப்பூசியைப் பற்றியது. பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கானது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடக்கூடாது. சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழிந்து உடல் தேறியபின் போடலாம். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம் ஏற்றப்பட்ட குழந்தைக்கு, அளவைப் பொறுத்து 11 மாதங்கள் வரை காத்திருக்கச் சொல்வார்கள். கக்குவான் இருமலுக்கான ஊசி போட்ட ஏழு நாட்களுக்குள் வேறு காரணமின்றி மூளை பாதிக்கப்பட்டிருந்தால், அந்த ஊசியை மறுபடி போடுவதில்லை. ஆனால் போலியோ ஊசிக்கு அதனால் தடை இல்லை. எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு, உயிருள்ள கிருமி இல்லாத ஊசிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். எல்லாத் தடுப்பூசிகளிலிருந்தும் எக்காலத்துக்கும் விலக்கு என்று ஒரு கடிதம் சொன்னால், அதன் அகலமே அதன்மீது ஐயத்தை எழுப்ப வேண்டும்.

இவ்விலக்கின் வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. பெரியம்மை ஊசியை மறுத்ததற்காக 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஹென்னிங் ஜேகப்சனின் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் மாசசூசெட்ஸ் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பலரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் எதிர்த்த சட்டத்திலேயே, ஊசிக்குத் தகுதியற்ற குழந்தைகளுக்கு மருத்துவர் சான்று தந்தால் விலக்கு உண்டு என்றிருந்தது. வயது வந்தோருக்கு அப்படி இல்லை. தமக்கும் தம் மகனுக்கும் முன்பு ஊசியால் துன்பம் நேர்ந்ததாக ஜேகப்சன் வாதிட்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் உடல்நிலையால் ஊசி ஒருவருக்குக் கொடுமையாகும் என்பது உறுதிப்பட்டால், அவர்மீது சட்டத்தைத் திணிக்க முடியாது என்று தீர்ப்பின் இறுதியில் தெளிவுபடுத்தியது. ஒருவருடைய உடலைப் பற்றி, நிரூபிக்கத்தக்க ஒரு செய்தியாகவே மருத்துவ விலக்கு அங்கே கருதப்பட்டது. அதைக் கொள்கை மறுப்புக்கான வழியாக எவரும் பார்க்கவில்லை.

2019 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட 276, 714ஆம் மசோதாக்கள் அந்தப் பழைய தெளிவுக்குத் திரும்பின. 2021 ஜனவரி முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே படிவம். அதை மருத்துவர் அரசின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தற்காலிக விலக்கு ஓராண்டுக்கு மேல் செல்லாது. பள்ளியின் தடுப்பூசி விகிதம் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, ஒரு மருத்துவர் ஓராண்டில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விலக்குகள் கொடுத்தாலோ, அவற்றைச் சுகாதாரத் துறை மறு ஆய்வு செய்யும். விலக்கு நீக்கப்பட்டால், மூன்று மருத்துவர்கள் கொண்ட குழுவிடம் பெற்றோர் முறையிடலாம்.

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் அரசு நுழைகிறது என்பதே இதற்கு எதிரான முதன்மை வாதம். சிகிச்சை பற்றிய முடிவென்றால் அவ்வாதத்துக்கு வலுவுண்டு. பள்ளிக்கான விலக்குச் சான்று வேறு வகையானது. அதை எழுதும்போது மருத்துவர் ஒரு பொதுக் கடமையிலிருந்து ஒருவரை விடுவிக்கிறார். அதன் விளைவு வகுப்பறையிலுள்ள எல்லாரையும் தொடுகிறது. எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடையே ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைப் பரப்பக்கூடும். 95 விழுக்காடு என்ற வரம்பு அதிலிருந்து வந்ததுதான். மீதமுள்ள 5 விழுக்காட்டு இடத்தில் முதல் உரிமை புற்றுநோய்க் குழந்தைக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைக்கும் உரியது. தேவையற்றவர் பெறும் ஒவ்வொரு விலக்கும் அவர்களுடைய பாதுகாப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. இது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

இன்னொரு ஆட்சேபத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். ஐந்து என்ற கணக்கு எல்லா மருத்துவரையும் ஒரே தட்டில் நிறுத்துகிறது. குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றுபவர் சில வாரங்களிலேயே அந்த எண்ணைத் தாண்டலாம். மறு ஆய்வு தண்டனையன்று என்றாலும், அதற்கு அஞ்சிப் பொது மருத்துவர் ஒருவர் தகுதியுள்ள குழந்தைக்கே சான்று தரத் தயங்கினால், சட்டம் காக்க வந்தவரையே கைவிட்டதாகும். 276ஆம் மசோதாவின் முதல் வரைவு, ஒவ்வொரு விலக்குக்கும் மாநிலத்தின் ஒப்புதலைக் கோரியது. கடுமையானது என்று சொல்லி அதைத் தளர்த்தினார்கள். மருத்துவரின் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒவ்வொரு சான்றின் காரணத்தையும் பார்க்கும் அந்த முதல் வரைவே, நேர்மையான மருத்துவருக்கு அச்சம் குறைந்த ஏற்பாடு என்று கருதுகிறேன். தடுப்பூசியின் பெயர், காரணம், முடியும் நாள் மூன்றும் படிவத்தில் தெளிவாக இருந்தால், ரத்தப் புற்றுநோய்க்கான சான்றை ஏற்க அதிகாரிக்குச் சில நிமிடங்கள் போதும். காலத்தைச் செலவிட்டு ஆராய வேண்டியவை, இம்மூன்றில் ஒன்றையேனும் சொல்லாமல் விடும் சான்றுகள்தாம்.