தீப்பெட்டிப் படம்

எட்டு வயதில் நான் பெரிய பணக்காரன். சொத்து... நூற்றுச் சொச்சம் தீப்பெட்டிப் படங்கள்!

காலித் தீப்பெட்டி எங்கே கிடந்தாலும் பொறுக்க வேண்டியது. தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே ஒட்டியிருக்கும் படத்தைக் கிழியாமல் உரித்து, வெயிலில் காயவைத்து, பழைய கணக்கு நோட்டில் ஒட்ட வேண்டியது. டீக்கடை வாசலும் பஸ் ஸ்டாண்டும்தான் எங்கள் வேட்டைக் காடு. கப்பல் படத்துக்கு மவுசு கிடையாது. எல்லாப் பயலிடமும் இருக்கும். வெளியூர்ப் படம் ஒன்று வேண்டுமென்றால் உள்ளூர்ப் படம் நாலு கொடுக்கணும். கறாரான வியாபாரம்!

இந்தப் பொழுதுபோக்குக்கு ஆங்கிலத்தில் 'ஃபிலுமெனி' என்று பெயர். பாதி கிரேக்கம், பாதி லத்தீன். அதற்கென்று சங்கங்களே இருக்கின்றன என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அந்த நோட்டு கையில் கிடைத்தது. என் பேரன் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

''இதெல்லாம் யாரு தாத்தா ஒட்டினது?''

''நான்தான்டா.''

''நோட்டுல ஒட்டினதைக் கேக்கலை. முதல்ல பெட்டி மேல ஒட்டினது யாரு?''

இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி! சரி, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

உரசினால் பற்றும் தீக்குச்சியைக் கடைக்குக் கொண்டுவந்தவர் ஜான் வாக்கர். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் என்ற ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். 1827-ல் விற்க ஆரம்பித்தார். காப்புரிமை கூட வாங்கவில்லை. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குத் தயாரித்தார்கள். 1830-களில் அதில் வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். சுவர், செருப்பு, எதில் உரசினாலும் குபீரென்று பற்றியது. மக்களுக்கு ஒரே குஷி.

குச்சி செய்தவர்களுக்கு? வெள்ளை பாஸ்பரஸின் ஆவி தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்தது. முதலில் பல்வலி, பிறகு வீக்கம், பிறகு எலும்பே அழுகி நாற்றமெடுக்கும். சில பேருக்குத் தாடையையே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பலர் செத்தும் போனார்கள்.

லண்டனில் 'பிரையன்ட் அண்ட் மே' என்ற பெரிய தீப்பெட்டிக் கம்பெனி. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் சின்னஞ்சிறு பெண்கள். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். பங்குதாரர்களுக்கோ கொழுத்த லாபம்! 1888 ஜூன் மாதம் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் அந்தப் பெண்களைச் சந்தித்துப் பேசி, 'லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். கம்பெனிக்குக் கோபம். 'இதெல்லாம் பொய்' என்று கையெழுத்துப் போடச் சொல்லித் தொழிலாளர்களை மிரட்டியது. அவர்கள் மறுத்தார்கள். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் கம்பெனி இறங்கி வந்து, அபராதங்களை ரத்து செய்தது.

கட்டுரை எழுதிய பெண்மணி யார் தெரியுமா? அன்னி பெசன்ட்! பின்னாளில் நம் அடையாறுக்கு வந்து, தியசாபிகல் சொசைட்டிக்குத் தலைவராகி, 1917-ல் காங்கிரஸுக்கும் தலைமை தாங்கிய அதே அம்மையார். பெசன்ட் நகர் பீச்சில் சுண்டல் சாப்பிடும்போது இந்தத் தீப்பெட்டிக் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அபராதம் போனது. பாஸ்பரஸ் உடனே போகவில்லை. 1906-ல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்ய ஒப்பந்தம் போட்டன. 1913-ல் இந்தியாவிலும் தடைச் சட்டம் வந்தது.

மாற்று வழி அதற்கு ரொம்ப முன்பே தயாராக இருந்தது என்பதுதான் வேதனை. சுவீடன்காரர்கள் 1844-லேயே விஷமில்லாத சிவப்பு பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் தடவிவிட்டார்கள். பெட்டியில் உரசினால்தான் பற்றும். நாம் இன்றைக்கு வைத்திருப்பது இதுதான். ஆனால், செலவு ஜாஸ்தி என்று மற்றவர்கள் இழுத்தடித்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் இந்தியாவில் வந்து குவிந்தன. அந்த ஊர் வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். நம்மூர் சாமிகள், ராஜாக்கள், யானை, மயில் என்று படம் போட்டு அனுப்பினார்கள். கிருஷ்ணரும் லட்சுமியும் ஜப்பானில் அச்சாகிக் கப்பலேறி வந்தார்கள்!

1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு வருஷம் ஊர் திரும்பினார்கள். வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் விவசாயம் படுத்துவிடும். தீக்குச்சிக்கோ காய்ந்த ஊர்தான் தோது. தொழில் பிடித்துக்கொண்டது. சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. தீப்பெட்டிக்குப் படம் வேண்டுமே... அச்சகங்கள் முளைத்தன. நாம் சுவரில் மாட்டும் காலண்டருக்கெல்லாம் மூதாதை இந்தத் துக்கினியூண்டுப் படம்தான்!

ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தத் தொழிலால். அதை மறுக்க முடியாது. ஆனால், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'தீப்பெட்டி ஆபீஸ்' பஸ் விடியும் முன்பே கிராமத்துக்கு வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறுவார்கள். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, படம் ஒட்டுவது... ஆபீஸில் நடக்காததை வீட்டுத் திண்ணையில் செய்வார்கள். இத்தனை குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி.

தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்களை வைக்கக்கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்த வழக்கே சிவகாசிப் பிள்ளைகளுக்காகப் போடப்பட்டதுதான்.

இப்போது அட்டைப் பெட்டியிலேயே படம் அச்சாகி வருகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் படம் வராது, பெட்டிதான் கூழாகும். 2021 டிசம்பரில் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயானது, பதினாலு வருஷம் கழித்து.

பேரனிடம் சொன்னேன்... ''என் வயசுப் பிள்ளைங்கதான்டா ஒட்டியிருப்பாங்க.''

''அவங்களும் நோட்டு வெச்சிருந்தாங்களா?''

பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கு ஒரு படம் கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. அதையே நூற்றுக்கணக்கில் ஒட்டிய பிள்ளைக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

நோட்டைத் திரும்பப் பரணில் போடவில்லை. மேஜை மேல்தான் இருக்கிறது. சில படங்கள் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கின்றன. அவை நான் ஒட்டியவை. என் கோணலுக்கு யாரும் கூலி பிடிக்கவில்லை.