பூட்டு மூன்று! பணம் எங்கே?

"சிக்கனம் அறியாதவன், குடித்துக் கெட்டவன், நாளைக்கென்று ஒரு காசும் எடுத்து வைக்காதவன், ஆகவே முதுமையிலே வாடுகிறான். நாமென்ன செய்ய?"

சீமான்கள் பேசிய பேச்சு இது! மாளிகையிலே பேசினர்; மாதா கோவில் மேடையிலே பேசினர்; பாராளுமன்றத்திலேயும் பேசினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து, உலகின் செல்வமெல்லாம் ஓடிவந்து குவிந்த நாடு. அந்நாட்டு வயலிலே ஐம்பது அறுபது ஆண்டுக் காலம் உழுது, விதைத்து, அறுத்து, முதுகு வளைந்து, கண் மங்கி நின்ற கூலி உழவனைச் சுட்டிக் காட்டித்தான் இவ்வாறு பேசினர்.

அவன் சேமிக்கவில்லையா? சேமித்தான்! வயிற்றைக் கட்டிச் சேமித்தான். சேமித்த பணம் எங்கே போயிற்று? வரலாற்று ஆசிரியர்களில் பலர் கேளாமலே விட்ட கேள்வி அது. வாட்டர்லூப் போரின் நாளையும் தளபதிகளின் பெயரையும் மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் தொழில் என்னுடையது. அந்தப் போரிலே வாளேந்திய ஒருவன் பின்னாளில் கிழவர்களின் சோற்றிலே கை வைத்த கதையை எந்தப் பாடநூலும் எனக்குத் தரவில்லை. அந்தக் கதைக்கும் வருவோம். முதலில் வயலைப் பார்ப்போம்.

முதியவர்க்கு ஊரிலே வேலை இருந்தது ஒரு காலத்திலே. கிழவி நூல் நூற்பாள். அறுவடை முடிந்த வயலிலே சிந்திய கதிர் பொறுக்குவாள். குளிர்காலத்து ரொட்டிக்கு அதுவே மாவாகும். கிழவன் பனிக்காலத்திலே களத்து மேட்டிலே தடி கொண்டு கதிரடிப்பான். இளைஞனைப் போல் ஏர் பிடிக்க இயலாவிடினும், ஏதோ ஒரு வேலை, ஏதோ ஒரு கூலி, 'நானும் உழைத்து உண்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை இருந்தது. ஒவ்வொன்றாகப் பறிபோயின அவை.

1787. சஃபோக் மாவட்டத்திலே டிம்வொர்த் என்னும் சிற்றூர். மேரி ஹாட்டன் என்பவள் கதிர் பொறுக்கினாள், வழக்கம் போல. நிலத்துக்குடையவர் வழக்குத் தொடுத்தார். கதிர் பொறுக்குவது ஏழையின் உரிமையா, உடையவனின் கருணையா? இதுதான் வழக்கு. ஏழைக்கும் அயலானுக்கும் கதிரை விட்டுவை என்று விவிலியத்திலேயே விதி உண்டே என்று அவள் பக்கத்தவர் வாதாடினர். 1788-இல் தீர்ப்பு வந்தது: உரிமை இல்லை! யூதர்க்கு விதித்த விதி எங்களைக் கட்டாது என்றனர் நீதிபதிகள். வேதம், ஏழையை அடங்கி நடக்கச் சொல்லும்போது கட்டும். ஏழைக்கு நாலு கதிர் தரச் சொன்னால் கட்டாது! பல ஊர்களில் வழக்கம் என்ற பெயரிலே கதிர் பொறுக்கல் பின்னும் நெடுநாள் நீடித்தது. ஆனால் உரிமையாயிருந்தது தயவாகிவிட்டது.

நூற்பைப் பொறி கொண்டது. கதிரடிப்பையும் பொறி கொள்ள வந்தபோதுதான் பொறுமை எல்லை மீறிற்று. 1830 ஆகஸ்டு 28 இரவு, கென்ட் மாவட்டத்து லோயர் ஹார்ட்ஸ் என்ற ஊரிலே கதிரடிக்கும் பொறியொன்று உடைக்கப்பட்டது. மாவட்டம் மாவட்டமாகப் பரவிற்று கிளர்ச்சி. 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைத் தலைவன் பெயரிலே மிரட்டற் கடிதங்கள் பறந்தன. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறக்குறைய 500 பேர் கடல் கடந்து ஆஸ்திரேலியத் தீவாந்தரத்துக்கு அனுப்பப்பட்டனர். பனிக்காலத்து வேலை என்றென்றும் நிலைத்ததா? இல்லை.

வேலையற்றோரை என் செய்வது? பல ஊர்களிலே வீடு வீடாக, பண்ணை பண்ணையாக அனுப்பினர்: 'இவனுக்கு ஏதேனும் வேலை கொடு, கூலியிலே ஒரு பங்கை ஊர்ப்பொதுவிலிருந்து தருகிறோம்' என்று. வேலை வாய்ப்பு என்று பெயர்; உண்மையிலே, முழுக்கூலி கொடாமல் ஆள் பிடிக்கும் வாய்ப்பு பண்ணையாருக்கு! யார்ட்லி ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரிலே வேலையற்றோரை வாரந்தோறும் ஏலம் விட்டனர். பத்துப்பேர் ஐந்து ஷில்லிங்குக்கு ஒரு பண்ணையாருக்கு விழுந்ததை அவ்வூர்ப் பாதிரியாரே கண்டு சொன்னார். 1834-ஆம் ஆண்டு அறிக்கையிலே அது பதிவாயிற்று. மாட்டுச் சந்தையிலாவது பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவர்!

அந்த அறிக்கையின் விளைவாக அவ்வாண்டே புதிய ஏழையர் சட்டம் வந்தது. உடல் வலிமை உள்ளவன் உதவி கேட்டால் வீட்டிலிருந்தபடி இனிக் கிடைக்காது. உழைப்பு விடுதிக்குள் வா என்றது சட்டம். முதியோர்க்கு வெளியிலேயே உதவலாம் என்று ஏட்டிலே இடமிருந்தது. ஆனால் வாரத்துக்கு ஓரிரு ஷில்லிங்கை வைத்துக்கொண்டு உயிர் தரிக்க இயலாதவர்க்கும், பார்க்க ஆளில்லாதவர்க்கும் விடுதியே கதி. வாயிலிலே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்; நாற்பது ஆண்டு ஒன்றாய் வாழ்ந்தவர்களைச் சுவர் பிரித்தது. அறுபது கடந்த தம்பதியைப் பிரிக்கலாகாது என்ற திருத்தம் 1847-இல்தான் வந்தது; வந்த பிறகும் அவர்கட்கென்று தனி அறை கட்டிய விடுதிகள் சிலவே.

ஆண்டோவர் விடுதியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஹாம்ப்ஷயரிலே உள்ள ஊர். எலும்பை இடித்து எருவாக்குவது அங்கே வேலை. விடுதித் தலைவன் மக்டூகல், வாட்டர்லூவிலே போரிட்ட பழைய படைவீரன். சட்டப்படி அளந்த உணவே அரைவயிறு. அதிலும் அவன் கை வைத்தான். பசி தாளாமல், இடிக்கக் கொடுத்த அழுகல் எலும்பை உறிஞ்சினர் உள்ளிருந்தோர். ஒட்டியிருந்த சதைக்குச் சண்டையிட்டனர். விடுதிக் குழுவில் ஒருவரான ஹ்யூ மண்டி என்ற பண்ணையார் மனம் பொறாமல் வெளியிட்டார். 1845-இல் பாராளுமன்றத்திலே தாமஸ் வாக்லி எழுப்பினார். உள்துறை அமைச்சர் நம்ப மறுத்தார்! பத்திரிகை முழங்கிற்று, விசாரணை வந்தது, அத்தனையும் உண்மை என்று நிலைநாட்டப்பட்டது. 1847-இல் ஏழையர் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு வேறு அமைப்பு நிறுவப்பட்டது. விடுதி மட்டும் இருந்தது.

அந்த விடுதியிலே சாகக்கூடாது! உழவனின் உள்ளத்திலே எரிந்த அச்சம் அது. அந்த அச்சத்தை மூலதனமாக்கினர் சிலர். இங்குதான் பெட்டி வருகிறது.

நட்புறவுச் சங்கம் என்று பெயர். மாதந்தோறும் சில பென்ஸ் கட்டு. நோயிலே பணம், முதுமையிலே வாரப்படி, இறந்தால் அடக்கச் செலவு. நல்ல ஏற்பாடுதான், 1793-இலேயே இவற்றைக் காக்கச் சட்டம் பிறந்தது. ஊர்ச் சங்கத்தின் பணம் ஒரு பெட்டியிலே இருக்கும். பெட்டிக்குப் பூட்டு மூன்று, சாவி மூன்று, மூவரிடம் ஒவ்வொன்று. மூவரும் கூடினாலன்றித் திறவாது. எத்தனை நம்பிக்கை தரும் காட்சி! அந்தப் பெட்டி இருந்த இடம் எது தெரியுமா? ஊர் மதுக்கடை. கூட்டம் நடப்பது அங்கே. கூட்டத்துக்கு வந்தவன் குடித்தாக வேண்டும், குடிக்கென்று கட்டணத்திலேயே ஒரு பங்கு ஒதுக்கப்படும். கடைக்காரனே சங்கத்தைத் தொடங்குவதும் உண்டு. கேட்பானேன், வாடிக்கைக்குக் குறைவில்லை!

ஆனால் சாவி திருடியவனைவிடப் பெரிய திருடன் வேறொருவன் இருந்தான். அவன் பெயர் தப்புக் கணக்கு. நம்மூர் ஏலச்சீட்டைப் போன்றது என்று கருதிவிட வேண்டாம். சீட்டுக்கு இத்தனை மாதம் என்று எல்லை உண்டு. சங்கமோ, இருபது வயதிலே சேர்ந்தவனுக்கு எழுபது வயதிலே பணம் தருவதாக வாக்களித்தது. இருபது வயதானும் ஐம்பது வயதானும் ஒரே கட்டணம் கட்டினர். எல்லோரும் இளையராயிருந்த வரையில் பெட்டி கனத்தது. ஆண்டு விழாவிலே கொடி பிடித்து, இசை முழங்க ஊர்வலம் போயினர். முப்பது ஆண்டு சென்றதும் எல்லோரும் ஒருங்கே முதியராயினர், ஒருங்கே நோயுற்றனர். புதிய இளைஞர், 'கிழவர்களின் சுமை நமக்கேன்' என்று அடுத்த மதுக்கடையிலே வேறு சங்கம் கண்டனர். மூன்று பூட்டையும் திறந்து பார்த்தால் காற்று! சில சங்கங்கள் சில ஆண்டுக்கொரு முறை பெட்டியைப் பங்கிட்டுக் கலைந்து, மறுநாள் மீண்டும் கூடும். கூடும்போது முதியவர்க்கு இடமில்லை. கட்டியதெல்லாம் கட்டினான், வேண்டிய நாளிலே வெளியே நின்றான்.

நகரத்திலிருந்து வந்தன பெரிய வசூல் சங்கங்கள். வாரந்தோறும் வாயிற்படிக்கே வருவான் வசூலிப்பவன். இனிக்கப் பேசுவான், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவான். தண்டிய காசிலே பெரும்பங்கு அவன் தரகுக்கும் நிர்வாகச் செலவுக்கும் போயிற்று. சில வாரம் கட்டத் தவறினால் பல ஆண்டுக் கட்டணமும் பறிபோகும். தவறட்டும் என்றே வாராதிருந்த வசூல்காரரும் உண்டு.

இவற்றையெல்லாம் கண்டு கத்திய மனிதர் ஒருவர். ஜான் டிட் பிராட், சட்டம் பயின்றவர். 1870-இல் இறக்கும் வரையில் சங்கங்களின் பதிவாளர். ஒரு சங்கத்தை மூடும் அதிகாரம் அவருக்கில்லை. எழுதும் அதிகாரம் இருந்தது. ஆண்டறிக்கைதோறும் எழுதினார்: இந்தச் சங்கம் முறிந்தது, அந்தச் சங்கத்தின் கணக்கு பொய், நெடுங்காலம் கட்டிய இன்னார் இப்போது விடுதியிலே என்று. அவரை வாட்டிய கொடுமை எது தெரியுமா? அவருடைய கையெழுத்தையே மோசக்காரர் விளம்பரமாக்கினர். 'அரசாங்கப் பதிவு பெற்றது' என்று அச்சிட்டனர். அரசாங்கமே பிணை நிற்பதாக உழவன் எண்ணினான். விதிகள் சட்டத்துக்கு முரணல்ல என்பதற்குத்தான் என் சான்று, பணம் பத்திரம் என்பதற்கல்ல என்று பிராட் திரும்பத் திரும்ப உரைத்தார். அறிக்கையோ ஆங்கிலத்துத் தடித்த ஏடு. உழவனோ பெயரெழுதத் தடுமாறுபவன். யாரிடம் போய்ச் சேரும்? எச்சரிக்கை எழுதுவோர் நம் நாட்டிலும் இதை எண்ண வேண்டும்.

1871 முதல் 1874 வரை ஆராய்ந்தது ஓர் ஆணையம்; 1875-இலே புதிய சட்டம். வயதுக்கேற்ற கட்டணம், கணக்காய்வு என்பனவெல்லாம் வலுப்பெற்றன. பெரிய சங்கங்கள் சில நேர்மையாகவே நடந்தன என்பதையும் கூறத்தான் வேண்டும். ஆயினும் உழைப்பு விடுதிகளிலே கிடந்த முதியோரிடம் விசாரித்தபோது, ஒரு காலத்தில் சங்கத்திலே உறுப்பினராயிருந்தவர் ஆயிரக்கணக்கில் தென்பட்டனர். சிக்கனம் அறியாதவராம்!

உழவன்தான் எழுத்தறியாதவன், ஏமாந்தான் என்பீர்களா? 1892-இலே முறிந்தது 'லிபரேட்டர்' என்னும் கட்டட நிதிச் சங்கம். அதை நடத்திய ஜேபஸ் பால்ஃபர், பாராளுமன்ற உறுப்பினர், மதுவிலக்குப் பேச்சாளர், பக்திமான். பணம் திரட்டிய முகவரிலே மதகுருமாரும் இருந்தனர். ஜெபக் கூட்டத்தின் நம்பிக்கையே வைப்பு நிதியாயிற்று. விதவையர், ஓய்ந்த உழைப்பாளர், சிறு சேமிப்பாளர் பல்லாயிரவர் தெருவிலே நின்றனர். பக்திமான் ஆர்ஜெண்டினாவுக்கு ஓடினார். 1895-இலே பிடித்துக் கொணரப்பட்டார். 14 ஆண்டுச் சிறை. படித்தவர் பணம் போனபோதுதான் நாடு பதறிற்று என்பதைக் கவனியுங்கள்.

இதற்கிடையிலே வேறொரு குரலும் எழுந்தது. 1878-இல் பிளாக்லி என்ற பாதிரியார், எல்லா இளைஞரும் 21 வயதுக்குள் 10 பவுன் கட்டட்டும், அரசே காக்கட்டும், 70 வயதிலே வாரம் 4 ஷில்லிங் தரட்டும் என்றார். பெட்டியை மதுக்கடையிலிருந்து அரசுக்கு மாற்றும் திட்டம்! சார்லஸ் பூத் ஒருபடி மேலே சென்றார்: கட்டணமே வேண்டாம், உழைத்த உழைப்பே கட்டணம் என்றார். 1893-இலே அமைந்த முதியோர் ஆணையத்திலே பட்டத்து இளவரசரோடு சரியாசனத்திலே அமர்ந்திருந்தார் ஜோசப் ஆர்ச், 1872-இலே கூலி உழவர்க்குச் சங்கம் கண்டவர். ஆணையம் 1895-இலே கையை விரித்தது. நட்புறவுச் சங்கங்களும் நெடுநாள் எதிர்த்தன. அரசு கொடுத்தால் நம் பெட்டிக்கு யார் காசு போடுவர் என்ற கவலை!

1908-இலே சட்டம் நிறைவேறிற்று. 1909 சனவரி முதல் நாள், 70 வயது நிரம்பிய வறியோர் அஞ்சலகத்துக்கு நடந்தனர். வாரம் 5 ஷில்லிங். விடுதி வாயில் அல்ல, பாதிரியார் தோட்டத்துப் பின்வாசல் அல்ல; ஊரார் தபால் தலை வாங்கும் அதே பலகணி. ஊர்ப்புற அஞ்சலகத்திலே வேலை பார்த்த எழுத்தாளர் ஃப்ளோரா தாம்சன், கிழவர் கண்ணிலே நீர் வழிந்ததையும், பணம் எடுத்துத் தந்த பெண்ணுக்கு அவர்கள் பூவும் பழமும் கொணர்ந்ததையும் எழுதி வைத்துள்ளார். அயர்லாந்திலோ பிறந்த நாளுக்குச் சான்றில்லை; ஆகவே 1839 சனவரியிலே அடித்த பெரும் புயல் நினைவிருக்கிறதா என்று கேட்டனராம். நினைவில்லாத கிழவரே அந்நாட்டில் இல்லாமற் போயினர்!

அந்தச் சட்டத்திலும் ஒரு முள் இருந்தது. 1908 சனவரிக்குப் பின் ஏழையர் உதவி பெற்றவர்க்கு ஊதியம் இல்லை. பெட்டி உடைந்து, சங்கம் முறிந்து, வேறு வழியின்றி ஊர் உதவிக்குக் கையேந்திய அதே முதியவர்க்குத்தான் கதவு அடைக்கப்பட்டது. இரண்டாண்டு காத்திருந்தனர், சாகாதவர்கள். 1911 சனவரி முதல் நாள் அந்தத் தடையும் விலகிற்று. ஏழையர் பதிவேட்டிலே பெயரடிக்கப்பட்டு, அஞ்சலகப் புத்தகத்தைக் கையிலே வாங்கினர் பல்லாயிரவர்.