நேபோ மலைக் கல்லறைகள்

கொடைக்கானலில் நேபோ மலைச்சரிவில் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், மலையுச்சியை விட்டுத் திண்டுக்கல் சமவெளியிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் துணிபு. 1834-இல் மதுரையிலும் மறு ஆண்டே திண்டுக்கல்லிலும் நிலையங்களை அமைத்த அமெரிக்க மிஷன் பாதிரிமார், வாந்திபேதிக்கும் விஷ ஜுரத்துக்கும் தம்மவர்களை ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்துத் தவித்த துக்கமே அவர்களை மலையேறச் செய்தது.

முதலில் அவர்கள் நாடியது, திண்டுக்கல்லுக்கு அண்மையில் நிற்கும் சிறுமலையை. அங்கே குடியேறியும் ஜுரம் விட்டபாடில்லை. கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் நிரூபித்ததோ 1897-இல். ஆகவே நாலாயிரம் அடி உயரத்திலும் துரத்திவந்த வியாதி ஏழாயிரம் அடியில் அண்டாததன் காரணம் அறியாமலே, அனுபவத்தையே ஆசானாகக் கொண்டு, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார்கள்.

வீடுகளுக்குப் பின் ஆலயம் வந்தது. 1850-களில் நேபோ மலைச்சரிவில் எழுந்த சிறு கோவிலில், அமெரிக்கரும் ஆங்கிலேயரும் தத்தம் முறைப்படி ஆராதனை நடத்தினர். வாக்களிக்கப்பட்ட தேசத்தைக் கண்ணால் கண்டும் அதில் கால்வைக்காமல் மோசே உயிர்நீத்த மலையின் பெயர், ஆரோக்கியம் தேடி வந்த இடத்திலேயே மண்ணுக்குள் போனவர்களின் தோட்டத்துக்கு வாய்த்தது நெஞ்சை உருக்குகிறது. கோவில் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டுவிட்டது, கல்லறைகள் நிற்கின்றன.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் கல்வெட்டே இல்லாத ஒரு கூட்டம் உண்டு. 1875-இல் ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் வத்தலக்குண்டைக் கடந்து, அடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்தாக வேண்டும். அங்கிருந்து, நோயுற்ற துரைசானியை நாற்காலியில் இருத்தி, அதன் கழிகளைத் தோளிலே தாங்கி, செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்க, கால் வழுக்காமல், செண்பகனூர் வழியே மேலே கொண்டு சேர்த்தவர்கள் நம் கூலியாட்கள். பெட்டி படுக்கையும், தட்டுமுட்டுச் சாமான்களும், பால் மணம் மாறாத குழந்தைகளும் அவர்கள் தோளிலேதான் மலையேறின. மிஷன் சரித்திரத்தை எழுதுவோர் இவர்களை ஒரு வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைச்சாலை போடப்படும்வரை கொடைக்கானல் உயிர் வாழ்ந்தது இவர்களுடைய உழைப்பால்.

இதே காலத்தில் பிரெஞ்சு தேசத்து லூயி சேன் சீர் சுவாமிகளின் முயற்சியால் எழுந்ததும், ஆகஸ்டுத் திருவிழாவுக்குச் சமவெளி மக்களை இன்றும் மலைக்கு அழைப்பதுமான சலேத் மாதா கோவிலின் வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.