விமானங்கள் நின்ற இரண்டு ஆண்டுகள்

நம் வளாகத்தில் பெரும்பாலான வீடுகளுக்கும் விமான நிலையத்துக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கும். மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில், மருமகன் துபாயில். சில வீடுகள் மார்கழி, தை மாதங்களில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்குப் போகும். நம் ஊரில் விமான நிலையம் இல்லை. ஆனாலும் சென்னையில் விமானம் இறங்காவிட்டால் செங்கம் சாலையில் இட்லிக் கடை நடத்துபவருக்கும் வியாபாரம் குறையும். இது 2020இல் நாம் எல்லோரும் கண்ட உண்மை. அந்த இரண்டு ஆண்டுகளில் விமான நிறுவனங்கள் என்ன செய்தன, அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பதை இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் பார்ப்போம்.

நோய் வந்த வழி

1918இல் இன்ஃபுளூயன்சா பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கியது. அங்கிருந்து ரயில் ஏறி ஊர் ஊராகப் பரவியது. நூறு ஆண்டுகள் கழித்து வந்த கொரோனாவுக்குக் கப்பல் தேவைப்படவில்லை. இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். அவர் வூஹானிலிருந்து திரும்பிய மாணவி. தமிழ்நாட்டின் முதல் நோயாளி மார்ச் 7 அன்று உறுதியானார். அவர் ஓமனிலிருந்து வந்தவர்.

நோயைக் கொண்டுவந்த அதே வாகனம்தான் மக்களை மீட்கவும் போனது. ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் ஏர் இந்தியாவின் இரண்டு ஜம்போ விமானங்கள் வூஹானுக்குப் போய் 647 இந்தியர்களையும் 7 மாலத்தீவுக்காரர்களையும் அழைத்து வந்தன. மற்றவர்கள் போகத் தயங்கிய ஊருக்கு அந்த ஊழியர்கள் போனார்கள் என்பதை மறக்கக் கூடாது.

கதவு மூடியது

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்றே இந்தியா பெரும்பாலான விசாக்களை நிறுத்தி வைத்தது. மார்ச் 22 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. முதலில் ஒரு வாரத்துக்கு என்றுதான் சொன்னார்கள். மார்ச் 24 நள்ளிரவோடு உள்நாட்டு விமானங்களும் நின்றன. உள்நாட்டுச் சேவை இரண்டு மாதத்தில் திரும்பியது. வெளிநாட்டு அட்டவணைச் சேவை திரும்ப 2022 மார்ச் 27 வரை ஆயிற்று. ஒரு வாரம் என்று தொடங்கியது இரண்டு ஆண்டுகளாக நீண்டது.

நம் ஊரில் நடந்ததை நீங்களே அறிவீர்கள். பௌர்ணமிக் கிரிவலம் நின்றது, ரமணாசிரமம் வெளியாருக்குக் கதவை மூடியது. அந்த ஆண்டு கார்த்திகை தீபம் மலைமேல் ஏறியபோது கீழே வழக்கமான கூட்டம் இல்லை. ஊர் திரும்ப வழியில்லாத வெளிநாட்டவர் பலர் இங்கேயே தங்கிப் போனார்கள். மலைக்குகையில் தங்கியிருந்த சீனப் பயணி ஒருவரை ஏப்ரலில் அழைத்து வந்து பரிசோதனைக்கு அனுப்பிய செய்தி நாளிதழ்களில் வந்தது. ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகள் தனி விமானம் அனுப்பித் தங்கள் மக்களை அழைத்துக்கொண்டன. மற்றவர்களின் விசாவை நம் அரசு நீட்டித்துக் கொடுத்தது.

பறக்காத விமானத்துக்கும் செலவு உண்டு

விமானம் நின்றால் எரிபொருள் செலவு மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் நம் நாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் வாடகை விமானங்களைத்தான் ஓட்டுகின்றன. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாத வாடகை கட்ட வேண்டும். சம்பளம், நிறுத்துமிடக் கட்டணம், காப்பீடு எதுவும் நிற்காது. நிறுத்தி வைத்த விமானத்தையும் சும்மா விட முடியாது. எஞ்சினை மூட வேண்டும். வேகம் அளக்கும் குழாய்களில் பூச்சி கூடு கட்டாமல் உறை போட வேண்டும். சக்கரங்களை அவ்வப்போது உருட்ட வேண்டும். நம் வாகன நிறுத்துமிடத்தில் ஆறு மாதம் அசையாமல் நின்ற காரின் பேட்டரி என்ன ஆனது என்று நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

அதனால் நிறுவனங்கள் வேறு வருமானம் தேடின. 2020 ஏப்ரல் 7 அன்று ஸ்பைஸ்ஜெட் பயணிகள் விமானத்தின் இருக்கைகளிலேயே சரக்குகளைக் கட்டி டெல்லியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் விமானம் அதுதான். 'லைஃப்லைன் உடான்' என்ற பெயரில் மருந்துகளும் பரிசோதனைக் கருவிகளும் நாடெங்கும் போயின. 2021 ஜனவரி 12 அன்று நான்கு நிறுவனங்களின் 9 விமானங்கள் புனேயிலிருந்து 56.5 லட்சம் தடுப்பூசிகளைச் சென்னை உட்பட 13 நகரங்களுக்குக் கொண்டுசேர்த்தன. நம் கையில் விழுந்த முதல் ஊசிக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொரு பக்கம், ஊழியர்கள். 250க்கும் மேற்பட்ட விமானங்கள் வைத்திருந்த இண்டிகோ, 2020 ஜூலையில் பத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. மற்றவர்களின் சம்பளத்தைக் குறைத்தது. ஏர் இந்தியா ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் ஐந்து ஆண்டுகள் வரை அனுப்ப வழிசெய்யும் திட்டத்தை அதே மாதம் கொண்டுவந்தது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அரசு பயணிகள் விமான நிறுவனங்களின் ஊழியர் சம்பளத்துக்கென்றே 2,500 கோடி டாலர் ஒதுக்கியது. ஜெர்மனி லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ உதவித் திட்டம் கொடுத்தது. உள்நாட்டுப் பயணமே இல்லாத சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பங்குதாரர்களிடம் பணம் திரட்டியது, பணிப்பெண்களை மருத்துவமனை உதவிக்கு அனுப்பியது, நிறுத்தி வைத்த ஏ380 விமானத்துக்குள் உணவகம் நடத்தியது. நம் நாட்டில் நேரடிப் பண உதவி வரவில்லை. கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் திட்டத்தில் விமானத் துறையையும் 2021இல் சேர்த்தார்கள்.

பிள்ளைகள் திரும்பிய விமானங்கள்

2020 மே 7 அன்று வந்தே பாரத் திட்டம் தொடங்கியது. முதல் நாள் அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் விமானங்கள் வந்தன. அதே வாரத்தில் சென்னைக்கும் திருச்சிக்கும் வரத் தொடங்கின. டிக்கெட்டுக்குப் பயணிகளே பணம் கட்டினார்கள். இறங்கியதும் வீட்டுக்கு வர முடியாது, தனிமைப்படுத்தும் இடத்துக்குத்தான் போக வேண்டும். கடல் வழியாகவும் மீட்பு நடந்தது. கடற்படையின் ஐஎன்எஸ் ஜலாஷ்வா ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு மக்களைக் கொண்டுவந்தது.

இந்த மீட்புக்கு உயிர்ப்பலியும் நேர்ந்தது. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில் கோழிக்கோடு ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். அப்போது சுற்றுவட்டார மக்கள், தொற்று வருமே என்று தயங்காமல், காயப்பட்டவர்களைத் தங்கள் கார்களில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தாங்களே தனிமையில் இருந்தார்கள். அக்கம்பக்கம் என்பதற்கு இதைவிட நல்ல பொருள் இல்லை.

நடு இருக்கையும் கட்டண வரம்பும்

2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில் மீண்டும் பறந்தன. தமிழ்நாட்டில் இறங்க இ-பாஸ் வேண்டும். சென்னைக்கு ஒரு நாளில் 25 விமானங்கள்தான் வரலாம். நடு இருக்கையைக் காலியாக விட வேண்டுமா என்பது நீதிமன்றம் வரை போனது. ஏர் இந்தியா விமானி ஒருவரே தன் நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டார். முடிந்தவரை காலியாக விடுங்கள், முடியாவிட்டால் நடுவில் அமர்பவருக்கு மேலங்கி கொடுங்கள் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சொன்னது. அந்த வெள்ளை அங்கியோடு எடுத்த படம் உங்களில் சிலரின் கைபேசியில் இன்னும் இருக்கும்.

கட்டணத்துக்கு அரசு மேல் வரம்பு மட்டுமின்றிக் கீழ் வரம்பும் வைத்தது. 40 நிமிடத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு ரூ.2,000 முதல் ரூ.6,000 வரை. மேல் வரம்பு பயணிக்காக. கீழ் வரம்பு சிறிய நிறுவனங்களுக்காக. அது இல்லாவிட்டால் பணபலம் உள்ள பெரிய நிறுவனம் விலையைத் தாழ்த்தி மற்றவர்களை ஒழித்துவிடும். இந்த வரம்புகள் 2022 ஆகஸ்ட் 31 வரை இருந்தன.

விதிகளை எல்லோரும் ஒரே மாதிரி மதிக்கவும் இல்லை. 2021 மே 23 அன்று, மறுநாள் முழு ஊரடங்கு தொடங்கவிருந்த நிலையில், மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்த விமானத்தில் உறவினர் சூழத் திருமணம் நடந்தது. முகக்கவசமும் இல்லை, இடைவெளியும் இல்லை. இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது, விமான ஊழியர்கள் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள்.

உங்கள் டிக்கெட் பணம்

நம்மில் பலரைத் தொட்டது இந்தப் பகுதிதான். விமானம் ரத்தானது. பணம் கேட்டால், 'கிரெடிட் ஷெல்' என்ற பெயரில் கணக்கில் வைத்திருக்கிறோம், பிறகு பறந்துகொள்ளுங்கள் என்றார்கள். காரணம் எளிது. நாம் மூன்று மாதம் முன்னால் கட்டும் பணத்தில்தான் நிறுவனம் இன்றைய செலவை நடத்துகிறது. எல்லோரும் ஒரே நாளில் திருப்பிக் கேட்டால் கொடுக்கப் பணம் இருக்காது. சீட்டுக் கம்பெனிக்கும் இதற்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

2020 ஏப்ரல் 16 அன்று, ஊரடங்குக்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் முழுப் பணம் தரச் சொன்னது அரசு. அதற்கு முன்பே பதிவு செய்தவர்கள்தான் அதிகம். அவர்கள் விடுபட்டார்கள். பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 2020 அக்டோபர் 1 அன்று வந்த தீர்ப்பு அவர்களையும் சேர்த்தது. பணத்தை மூன்று வாரத்தில் திருப்பித் தர வேண்டும். நெருக்கடியில் உள்ள நிறுவனம் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல்லில் வைக்கலாம். ஆனால் 2020 ஜூன் வரை மாதம் 0.5 சதவீதம், அதற்குப் பின் மாதம் 0.75 சதவீதம் கூட்டித் தர வேண்டும். அந்தக் கணக்கை வேறொருவருக்கு மாற்றவும் செய்யலாம். அதாவது, பயணியின் பணம் நிறுவனத்திடம் இருந்தால் அது கடன், கடனுக்கு வட்டி உண்டு என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

பிறகு என்ன ஆனது?

1932இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அந்தத் தபால் அங்கிருந்து வேறொரு விமானி வழியே சென்னை வந்துசேர்ந்தது. அந்த நிறுவனம்தான் ஏர் இந்தியாவாகி, 1953இல் அரசுடைமையானது. பெருந்தொற்றின் நடுவே ரூ.18,000 கோடி ஏலத்தில் வென்று, 2022 ஜனவரி 27 அன்று டாடா குழுமம் அதைத் திரும்பப் பெற்றது. கோ ஃபர்ஸ்ட் நிறுவனமோ பெருந்தொற்றைத் தாண்டியும் நிமிரவில்லை. எஞ்சின் பழுதுகளைக் காரணம் காட்டி 2023 மே மாதம் திவால் மனு கொடுத்து நின்றுபோனது. முன்பணம் கட்டியவர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. விமானங்கள் நின்றபோது இழப்பை நிறுவனங்கள் மட்டும் தாங்கவில்லை. வேலை இழந்த ஊழியரும், பணம் முடங்கிய பயணியும், வாடகைக்கு ஆள் வராத நம் ஊர் வீட்டுக்காரரும், ஆட்டோ ஓட்டுநரும் சேர்ந்தே தாங்கினார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. எனவே டிக்கெட் ரசீது, ரத்துச் செய்தி, வங்கிக் கணக்குப் பதிவு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அந்த நாட்களின் இ-பாஸ், விமான டிக்கெட், புகைப்படம் எதையாவது வைத்திருப்பவர்கள் சங்க அலுவலகத்தில் ஒரு நகல் கொடுங்கள். நம் வளாகத்தில் யார் எப்போது திரும்பினார்கள், யாரால் வர முடியாமல் போயிற்று என்று அடுத்த இதழில் தொகுத்து வைப்போம். நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள்.