துறவியின் அங்கியும் காப்பிக் கருவியும்

வீட்டிலே கப்புச்சினோ காப்பி தயாரிக்கும் கருவி ஒன்றை வாங்கச் செல்வோர், அட்டைப்பெட்டியில் அச்சிட்டுள்ள எண்களைக் கண்டு மயங்குவது இயல்பு. அக்கருவி பிறந்த வரலாற்றை அறிந்தால் மயக்கம் பெரிதும் தெளியும். பெயரிலிருந்தே தொடங்குவோம்.

புனித பிரான்சிஸ் அசிசியாரின் ஏழ்மையை அதன் முதற்கால எளிமையோடு வாழ விரும்பி, 1525இல் இத்தாலியில் பாஷோ ஊரைச் சேர்ந்த மத்தேயோ என்னும் துறவி ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1528இல் திருத்தந்தை ஏழாம் கிளமெந்து அதற்கு ஒப்புதல் அளித்தார். அவர்களது அங்கியின் கூர்மையான தலைமூடிக்கு இத்தாலிய மொழியில் ‘கப்புச்சோ’ என்று பெயர். அதனால் அவர்கள் கப்புச்சின் சபையினர் ஆயினர். 1642இல் சென்னையில் மறைப்பணி தொடங்கிய பிரெஞ்சுத் துறவி எப்ரேம் தெ நெவேர் இச்சபையினரே. பிற்காலத்தில் வியன்னா நகரத்துக் காப்பிக் கடைகளில், பாலேடு கலந்து இந்த அங்கியின் பழுப்பு நிறத்தை அடைந்த காப்பியைக் ‘கப்புட்சீனர்’ என்று அழைத்தனர். இத்தாலியரின் ‘கப்புச்சினோ’ அச்சொல்லின் உடன்பிறப்பே.

இங்கே ஒரு கதை குறுக்கிடுகிறது. 1683இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, கப்புச்சின் துறவி மார்க்கோ தவியானோ கிறிஸ்தவப் படையினருக்கு ஊக்கமளித்தார், இது வரலாறு. பகைவர் விட்டுச்சென்ற காப்பிக்கொட்டையில் பாலும் தேனும் கலந்து அவரே கப்புச்சினோவைக் கண்டுபிடித்தார் என்பதோ பிற்காலத்தார் புனைந்தது; அக்காலச் சான்று எதுவும் இதற்கு இல்லை. 2003இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தியது அவருடைய புனித வாழ்வுக்காகவே. நம்மவர் பெருமை என்று இக்கதையைப் பரப்புவது அவருக்குச் சிறப்புச் சேர்ப்பதாகாது என்பது என் கருத்து.

ஆக, பெயரைத் தந்தது நிறம். இன்று நாம் விரும்பும் வெண்ணுரையைத் தந்தவை இயந்திரங்கள். 1884இல் தூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியோந்தோ நீராவியால் காப்பி வடிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1901இல் மிலான் நகரத்து லுயீஜி பெட்செரா, கிண்ணம் கிண்ணமாக உடனுக்குடன் வடிக்கும் முறையைக் கண்டார். பவோனி என்பார் அதை வாணிகமாக்கினார். ஆனால் நீராவி அழுத்தம் மட்டும் தள்ளும்போது, அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே இருந்தது. வெந்நீரும் மிகச் சூடாகிக் காப்பியைக் கருக்கியது. ஆக்கிலே காஜ்ஜா 1940களில் நெம்புகோலும் உந்துதண்டும் அமைத்து இதை மாற்றினார். கொதிநிலைக்குச் சற்றுக் கீழான நீர், பன்மடங்கு அழுத்தத்தில் காப்பித்தூளினூடே பாய்ந்தபோது, மேலே பொன்னிற நுரை தோன்றியது. 1961இல் பாயெமா நிறுவனத்தின் இயந்திரத்தில் மின்விசை ஏற்றி அந்தக் கைப்பாட்டை ஏற்றுக்கொண்டது.

இந்த இரு தலைமுறைகளும் இன்றும் கடையில் அருகருகே நிற்கின்றன! மலிவான கருவிகள் சில பெட்செரா காலத்து நீராவியையே நம்புகின்றன. பாலை நுரைக்க அது போதும். அடர்ந்த காப்பி வடிக்கப் போதாது. ஏற்றி உள்ளதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெட்டியில் 15 என்ற அழுத்த எண்ணைக் கண்டு வியக்க வேண்டாம். நல்ல காப்பிக்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கே போதும்.

அடுத்தது பால். நீராவிக் குழாயின் முனை பாலின் மேற்பரப்பைத் தொட்டவாறு நின்றால்தான் காற்று நுழைந்து, பாலின் புரதம் அதைப் பிடித்துவைக்கும். ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசில் நிறுத்த வேண்டும். கொதிக்க விட்டால் நுரையும் சுவையும் கெடும். ஒரே கொதிகலன் உடைய கருவியில் காப்பி வடித்தபின் நீராவிக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும். இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு அது குறையன்று. விருந்தினர் நிறைந்த வீட்டுக்குத் தொல்லையே. எஞ்சும் பணத்தைக் கொட்டை அரைக்கும் நல்ல அரவை இயந்திரத்துக்குச் செலவிடலாம். நீராவிக் குழாயை மட்டும் ஒவ்வொரு முறையும் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பால் துளையை அடைத்துவிடும்.