கேத்தி: ஊர்களுக்கான ரயிலடி

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பல்சக்கரப் பாதையிலேயே மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டடி ஓடினால் ஓரடி ஏறும் அந்தச் செங்குத்து யாரையும் வியக்க வைக்கும். ஆனால் அடர்லி, ஹில்குரோவ் போன்ற கீழ்நிலையங்களில் இன்று வண்டி நிற்பது பெரும்பாலும் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கத்தான். ஊர்மக்கள் ஏறி இறங்குவதற்கென்றே நிற்கும் ரயிலடியைப் பார்க்கக் குன்னூருக்கும் மேலே, கேத்திக்குப் போக வேண்டும்.

1899-இல் குன்னூர் வரை வந்த பாதை, 1908-இல்தான் உதகையை எட்டியது. இந்த மேற்பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சக்கரம் பற்றிக்கொள்ளும் பற்சட்டம் கிடையாது. வழுக்காமல் ஏறுவதற்காக இங்கே சரிவை இருபத்தைந்துக்கு ஒன்றுக்கு மேல் போகவிடவில்லை. குன்னூரிலிருந்து கேத்திக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஏற்றமோ 380 மீட்டர். சராசரியே அந்த எல்லையைத் தொட்டு நிற்கிறது! பாதை அமைத்தவர்கள் மலைச்சரிவின் ஒவ்வொரு மடிப்பையும் அளந்து வளைத்திருக்கிறார்கள். பல்சக்கரத்துக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இந்த வளைவுகளுக்கும் சேர வேண்டும் என்பது என் எண்ணம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,090 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கேத்தி. கீழே விரியும் பள்ளத்தாக்கைச் சுவிட்சர்லாந்துக்கு ஒப்பிடுவது வழக்கம். அந்த உறவு வெறும் உவமையோடு நிற்கவில்லை. அந்நாட்டின் ரிகி மலைக்கு ரயில் விட்ட பொறியாளர் ரிக்கன்பாக் 1882-இல் அரசின் அழைப்பில் இங்கு வந்து திட்டம் தந்தார். பின்னர் அமைந்த பல்சக்கர முறை ரோமன் அப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது. பின்னாளில் நீராவி இன்ஜின்களும் அந்நாட்டு வின்டர்தூரிலிருந்து வந்தன. அதற்கெல்லாம் முன்பே, 1846-இல், சுவிஸ் நகரமான பாசலின் கிறித்தவ அமைப்பு, பாசல் மிஷன், கேத்தியில் இடம் பிடித்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் தம் சொத்தை அதற்கே எழுதிவைத்தார்.

ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கு வெளியிலிருந்து வந்தவர்களால் ஆனதன்று. எல்லநள்ளி, உல்லாடா, கேத்தி பாலாடா என்று படுகர் இன மக்களின் ஹட்டிகளும் (ஊர்களும்) கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களுமே அதன் உயிர். ரயில் பாதைப் பணியை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர்களுள் ஒருவரான ராவ் பகதூர் பெள்ளி கவுடர் படுகர்தான். அவர் மகன் ஆரி கவுடர், மலை விவசாயிகள் இடைத்தரகரிடம் சிக்காமலிருக்க 1935-இல் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைத் தொடங்கினார். மலைக்கும் கொங்குச் சமவெளிக்கும் இடையே தந்தை வழி அமைத்தார். மகன் அவ்வழிக்குப் பயன் தேடினார். கோவை மக்கள் வாங்கும் மலைக்காய்க்குப் பின்னால் இந்தக் குடும்பத்தின் உழைப்பும் இருக்கிறது.

திரைப்பட ரசிகர்களுக்கு ‘மூன்றாம் பிறை’யின் இறுதிக் காட்சியால் கேத்தி தெரியும். அது போதாது. 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது பொறியியலை மட்டும் பார்க்கவில்லை. பல பண்பாட்டு மக்கள் வாழும் நிலப்பகுதியின் சமூக, பொருளாதார வளர்ச்சிக்கு இத்தகைய போக்குவரத்து செய்த தொண்டையும் கணக்கில் கொண்டது. ஆகவே குன்னூருக்கும் உதகைக்கும் இடையே ஓடும் சாதாரணப் பயணிகள் வண்டிகளும் மரபுரிமையின் பகுதியே. சுற்றுலா வண்டிகள் பெருகட்டும். கேத்தி மக்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் நேரத்துக்கும் அவர்களால் தரக்கூடிய கட்டணத்துக்கும் ஏற்ற வண்டிகளை ரயில்வே என்றும் கைவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.