கயாக் சுக்கான்: வேகச் சோதனை

கயாக் படகின் பின்முனையில் பொருத்தி, காலால் இயக்கும் திசைமாற்றித் தகடே கயாக் சுக்கான். கடல் கயாக்குகளில் இதை வேண்டும்போது நீரில் இறக்கலாம், வேண்டாதபோது தூக்கி மடக்கிவிடலாம். மிதிகளிலிருந்து போகும் கம்பிவடங்கள் தகட்டை இடமும் வலமும் திருப்பும். ஆர்க்டிக் கடலோரத்து இனுயிட் மக்கள் வேட்டைக்குக் கட்டிய பழைய தோல் கயாக்குகளில் சுக்கான் கிடையாது. துடுப்பாலும் உடலைச் சாய்த்துமே திருப்பினார்கள். சுக்கான் வேகத்தைக் கூட்டுமா, குறைக்குமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

நீரில் இறங்கும் எந்தத் தகடும் தடையைக் கூட்டும். நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடியாகவும், அதற்கு வேண்டிய திறன் மும்மடியாகவும் ஏறுகிறது. சுக்கானால் தடை 3 விழுக்காடு கூடுகிறது என்று கொண்டால், அதே உழைப்பில் வேகம் 1 விழுக்காடுதான் குறையும். மணிக்கு 6 கி.மீ. போகும் படகு ஒரு மணி நேரத்தில் 60 மீட்டர் பின்தங்கும். மெல்லிய காற்றே இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

சுக்கானின் ஆதாயம் பக்கக் காற்றில் தெரியும். ஓடும் கயாக்கின் முகப்பை நீர் இருபுறமும் அழுத்திப் பிடித்திருக்கும். பின்பக்கம் அந்தப் பிடி தளர்வு. காற்று பின்முனையை ஒதுக்கித் தள்ள, முகப்பு காற்று வரும் திசைக்குத் திரும்பிவிடுகிறது. சுக்கான் இல்லாதவர் ஒரே பக்கம் துடுப்பை அகல வீசித் திருத்திக்கொண்டே போகவேண்டும். அந்த வீச்சின் விசையில் ஒரு பங்கு திருப்புவதற்கே போய்விடும், ஒரு தோள் முன்னதாகவே களைக்கும், பாதையும் வளைந்து நீளும்.

ஆகவே அமைதியான குளத்தில் மட்டும் சோதிப்பது சுக்கானுக்கு நியாயம் செய்யாது. படகைக் கயிற்றால் இழுத்து விசைமானியில் தடையை அளக்கும் முறைக்கும் இதே குறை உண்டு: தகட்டின் தடை பதிவாகும், துடுப்பாளருக்கு மிச்சமாகும் உழைப்பு பதிவாகாது. ஒரே படகில், ஒரே ஆள், ஒரே சுமையோடு, சுக்கானை இறக்கி, தூக்கி, மறுபடி தூக்கியபடியே, பிறகு இறக்கி என்ற வரிசையில் ஓடுவது நல்லது. களைப்பு இரு பக்கமும் சமமாக விழும். இதயத் துடிப்பையோ, திறன்மானி பொருத்திய துடுப்பில் திறனையோ பதிவுசெய்யாமல் வேகத்தை மட்டும் ஒப்பிட்டால், தனக்குப் பிடித்த முறையில் தன்னையறியாமல் கூடுதலாக உழைத்தவரின் ஆர்வமும் முடிவில் கலந்துவிடும்.

நீரோட்டம் இருந்தால் போகவும் வரவும் ஓடவேண்டும். இங்கே கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. 6 கி.மீ. வேகப் படகு, 2 கி.மீ. நீரோட்டத்தில் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 4 கி.மீ. வேகத்தில் போகும், இரண்டின் சராசரி சரியாக 6. ஒவ்வொரு பக்கமும் 1 கி.மீ. தூரம் என்று வைத்து மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 5.33தான் வரும். நீரோட்டம் மாறிய நேரத்தில் நடந்த இரு ஓட்டங்களை இப்படி ஒப்பிட்டால் பழி வீணாகச் சுக்கான்மேல் விழும்.

1936 பெர்லின் ஒலிம்பிக் முதல் நடக்கும் விரைவுக் கயாக் போட்டி ஒரு சான்று தருகிறது. நொடியின் பின்னங்களும் வெற்றியைத் தீர்மானிக்கும் அங்கே, 5.2 மீட்டர் நீள ஒற்றையர் கயாக்கின் அடியில் சிறு சுக்கான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறுகிய படகு சுக்கானை நம்பியே வடிவமைக்கப்பட்டது. நேர்கோட்டில் ஓடத் தானே வல்ல கடல் கயாக்குக்கு அதே முடிவைப் பொருத்த முடியாது.

மிதியின் அமைப்பையும் பார்க்கவேண்டும். காலை உதைத்து இடுப்பைச் சுழற்றுவதில்தான் துடுப்பு வீச்சின் வலு பிறக்கிறது. முன்பின் வழுக்கும் மிதியில் அந்த உதை ஓரளவு வீணாகும். பாதம் அசையாத தாங்கியில் ஊன்றியிருக்க, விரல் நுனியால் மட்டும் சுக்கானைத் திருப்பும் மிதியில் இந்த இழப்பு இல்லை. வழுக்கும் மிதிகளோடு சோதிக்கும்போது தகட்டைத் தூக்கினாலும் இழப்பு அப்படியே தொடரும் என்பதால், மிதிகளைப் பூட்டிவிட்டும் ஒருமுறை ஓடிப் பார்க்கவேண்டும்.